தி ஷைனிங்: பயம் எந்தக் காட்சியில் தொடங்குகிறது?

#1 நள்ளிரவு வாசகன்

நேற்று இரவு ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' படத்தை மறுபடியும் பார்த்தேன். எத்தனையாவது முறை என்ற கணக்கை விட்டு வெகுநாளாகிறது. 1980இல் வந்த படம். பனிக்காலத்தில் மூடிக்கிடக்கும் ஓவர்லுக் ஓட்டலுக்குக் காவலாளியாக ஜாக் தன் மனைவி, மகனோடு போகும் கதை. அடுத்து என்ன வரும் என்பது எனக்கு மனப்பாடம். லிஃப்ட் கதவிடுக்கிலிருந்து ரத்தம் பாயும், சிறுமிகள் இருவர் கைகோத்து நிற்பார்கள், கோடரி கதவைப் பிளக்கும். எதுவும் என்னை அசைக்கவில்லை. அந்தக் காட்சிகளெல்லாம் பனியன்களிலும் காபிக் கோப்பைகளிலும் அச்சாகி அச்சாகித் தேய்ந்துபோய்விட்டன.

ஆனால் ஒரு காட்சியில் படத்தை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதில் பேய் இல்லை, ரத்தம் இல்லை, ஓவர்லுக் ஓட்டலே இல்லை. போல்டர் நகரத்து வீடு. சிறுவன் டேனி குளியலறையில் மயங்கி விழுந்திருக்கிறான். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, முன்னறையில் அவன் தாய் வெண்டியிடம் பேசிக்கொண்டிருக்கிறார். டேனிக்கு முன்பு ஏதாவது அடிபட்டதா என்ற பேச்சு வருகிறது. வெண்டி சிகரெட் பிடித்தபடியே சொல்கிறாள்: கணவன் ஜாக் குடித்திருந்தான், குழந்தை அப்பாவின் பள்ளித் தாள்களை அறையெங்கும் இறைத்துவைத்திருந்தான், ஜாக் கையைப் பிடித்து இழுத்தபோது கொஞ்சம் பலமாக இழுத்துவிட்டான், தோள்மூட்டு நழுவிவிட்டது. பூங்காவிலும் தெருவிலும் குழந்தையை நூறு முறை இப்படி இழுக்கிறோமே, அதுபோலத்தான் என்கிறாள். அதிலும் ஒரு நன்மை விளைந்தது, இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார், ஐந்து மாதமாகத் தொடவில்லை என்கிறாள். முகத்தில் புன்னகை. விரலிடுக்கில் சிகரெட் சாம்பல் நீண்டு தொங்குகிறது, தட்ட மறந்துவிட்டாள்.

என் கட்சி இதுதான்: ஓட்டல் ஜாக்கைக் கெடுக்கவில்லை. மஞ்சள் நிற ஃபோக்ஸ்வேகனில் அந்தக் குடும்பம் மலையேறும்போதே பேயையும் ஏற்றிக்கொண்டுதான் போகிறது. இந்தப் படம் இன்னும் பழசாகாததற்குக் காரணம் அந்தச் சாம்பல்தான். உங்களுக்கு எந்த இடம்?

#2 தாழ்ப்பாள்

எனக்கு எந்த இடம் என்பதை என் பெயரே சொல்லும்.

வெண்டி ஜாக்கைச் சாமான் அறைக்குள் இழுத்துப்போய்ப் பூட்டிவிடுகிறாள். அதுவரை நாம் பார்த்த எல்லாப் பேய்க்கும் சமாதானம் சொல்லலாம். மதுக்கடைக்காரன் லாயிட் ஜாக்கின் மனத்தில் இருக்கிறான், சிறுமிகள் டேனியின் மனத்தில் இருக்கிறார்கள். ஜாக் பேயோடு பேசும் இடங்களில் எங்காவது ஒரு கண்ணாடி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்களும் உண்டு. பிறகு கதவுக்கு வெளியே கிரேடியின் குரல், முன்பு அங்கே காவலாளியாக இருந்து தன் குடும்பத்தையே கொன்றவன். ஜாக் கெஞ்சுகிறான். தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்கிறது. உள்ளே பூட்டிக் கிடப்பவனின் பிரமை வெளித் தாழ்ப்பாளை நீக்காது.

குப்ரிக்கே பிரெஞ்சு விமர்சகர் மிஷேல் சிமானுக்கு அளித்த பேட்டியில், அந்தத் தாழ்ப்பாள் நகரும்வரைக்கும்தான் உளவியல் விளக்கம் தாங்கும், அதன் பிறகு அமானுஷ்யத்தைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருளில் சொல்லியிருக்கிறார். ஆகவே 'பேயே இல்லை, எல்லாம் குடும்பப் பிரச்சினை' என்று கிளம்பிவிடாதீர்கள். பேய்ப் படத்தில் பேய் இருப்பது குற்றமில்லை.

#3 பழைய டிஸ்க்

வாசகனுக்கு ஒரு திருத்தம். நீங்கள் சொல்லும் மருத்துவர் காட்சி இந்தப் படத்தில் கிடையாது. என்னிடம் டிஸ்க் இருக்கிறது. பத்து முறைக்குமேல் பார்த்தவன் நான். டேனி குளியலறைக் கண்ணாடி முன் நின்று தன் கற்பனைத் தோழன் டோனியோடு பேசுகிறான், ரத்தம் பாயும் காட்சி, அடுத்து மலைப்பாதையில் வண்டி. இடையில் மருத்துவரும் இல்லை, சாம்பலும் இல்லை. ஸ்டீபன் கிங்கின் நாவலில் படித்ததைப் படத்தில் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நினைவு அப்படி ஏமாற்றும்.

#4 நள்ளிரவு வாசகன்

நேற்று இரவு பார்த்ததை நினைவு ஏமாற்றுமா? நான் வெந்நீர் குடித்தேனா தண்ணீர் குடித்தேனா என்பதுகூட நினைவிருக்கிறது. பத்து முறை பார்த்தவர் ஒரு முறையாவது விழித்திருந்து பார்த்திருக்கலாம்.

#5 நூலே போதும்

நாவலில் தோள்மூட்டு நழுவவில்லை, கையே முறிகிறது. ஆகவே வாசகன் நாவலைச் சொல்லவில்லை.

வந்ததற்கு என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1977இல் வந்த நாவலில் ஜாக் நல்ல மனிதன். குடிகாரன்தான், ஆனால் மீள முயல்கிறவன். ஓட்டல் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. கடைசியில்கூட ஒரு நொடி தெளிந்து, மகனை ஓடிவிடச் சொல்கிறான். படத்தில் ஜாக் நிக்கல்சன் நேர்முகத் தேர்வு நாற்காலியில் உட்காரும்போதே புருவம் நெளிகிறது. வீழ்வதற்கு உயரமே இல்லாதவன் எப்படி வீழ்வான்? கிங்கின் மனக்குறையும் இதுதான். எஞ்சின் இல்லாத அழகான கார் என்று அவர் இந்தப் படத்தைச் சொன்னது பிரபலம். 1997இல் தன் விருப்பப்படியே தொலைக்காட்சித் தொடராக எடுக்கவைத்தார்.

நாவலில் கொதிகலன் வெடித்து ஓட்டல் எரிகிறது. படத்தில் மனிதன் உறைந்து கிடக்கிறான். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எரிவதற்கு உள்ளே ஏதாவது சூடு இருந்தாக வேண்டும்.

#6 குளிர்காலம்

நாவலுக்குத் தந்தைமேல் இரக்கம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். படம் அந்த இரக்கத்தைக் காட்டாததால்தான் எனக்குப் பிடிக்கிறது. படம் நிற்கும் இடம் தாயும் பிள்ளையும் நிற்கும் இடம். அங்கிருந்து பார்ப்பவர்களுக்கு 'நல்ல மனிதன் மெல்ல மெல்ல மாறினான்' என்பதெல்லாம் தெரியாது. இன்றைக்கு முகம் எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும்.

குடிக்கும் தகப்பன் இருந்த வீட்டில் வளர்ந்தவள் நான். விரிவாக எழுத விருப்பமில்லை. படியில் ஏறும் செருப்பின் ஓசையைக் கேட்டே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். டேனியின் 'ஷைனிங்' என்ற சக்தியை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். அடி வாங்கிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

படுக்கையறைக் காட்சியைப் பாருங்கள். பொம்மைத் தீயணைப்பு வண்டியை எடுக்க டேனி சத்தமில்லாமல் வருகிறான். அப்பா தூங்கவில்லை, கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் உட்காரவைத்து முத்தமிடுகிறார். பையன் உடம்பில் அசைவே இல்லை. அம்மாவையும் என்னையும் ஒன்றும் செய்துவிட மாட்டீர்களே என்று கேட்கிறான். 'மாட்டேன்' என்பது முதல் பதிலாக வரவில்லை. 'உன் அம்மா அப்படிச் சொன்னாளா?' என்பதுதான் வருகிறது. அந்தக் கேள்வி எனக்குத் தெரியும்.

#7 தாழ்ப்பாள்

குளிர்காலம், உங்கள் பதிவுக்கு எதிர்வாதம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. என் தாழ்ப்பாளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். ஆனாலும் ஒன்று: குப்ரிக் பேயை நம்பவைத்திருக்காவிட்டால் உங்கள் காட்சி வெறும் குடும்பக் கதையாக முடிந்திருக்கும். அவரும் உடன் திரைக்கதை எழுதிய டயான் ஜான்சனும் ஃபிராய்ட் 1919இல் எழுதிய அமானுஷ்ய உணர்வு பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். தெரிந்த வீடு தெரியாததாக மாறும்போது வரும் திகில். தெரிந்த அப்பா என்றும் படிக்கலாம்தான்.

ஒரே குறை, கடைசியில் கூடத்தில் நூலாம்படையோடு உட்கார்ந்திருக்கும் எலும்புக்கூடுகள். இவ்வளவு நுட்பமாகக் கட்டிய படத்தில் பொருட்காட்சிப் பேய்வீடு எதற்கு?

#8 பழைய டிஸ்க்

எலும்புக்கூடுகளா? எந்த எலும்புக்கூடுகள்?

#9 வெட்டுமேசை

பொறுங்கள், பொறுங்கள். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே சிரிக்கிறேன். படத்தொகுப்பு என் தொழில். பழைய டிஸ்க் ஐயா, ஓட்டல் சமையல்காரர் ஹாலோரனுக்குப் பனியில் ஓடும் அந்த வண்டி எப்படிக் கிடைத்தது?

#10 பழைய டிஸ்க்

எப்படிக் கிடைத்தது என்று காட்டுவதில்லை. திடீரென்று ஓட்டிக்கொண்டு வருகிறார். அது எனக்கும் ஓர் உறுத்தல்தான். அதைவிடப் பெரிய உறுத்தல் கடைசிப் பெயர்ப் பட்டியல். 'மருத்துவர்: ஆன் ஜாக்சன்' என்று வருகிறது. படத்தில் மருத்துவரே இல்லையே, அச்சுப்பிழையோ என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

#11 வெட்டுமேசை

அச்சுப்பிழை இல்லை. நீங்களும் வாசகனும் இரண்டு வேறு படங்களைப் பார்த்திருக்கிறீர்கள்.

1980 மே மாதம் அமெரிக்காவில் வெளியானபோது படம் 146 நிமிடம். முடிவில் ஒரு மருத்துவமனைக் காட்சி இருந்தது: ஓட்டல் மேலாளர் உல்மன் வெண்டியைப் பார்க்க வருகிறார், போகும்போது டேனியிடம் ஒரு மஞ்சள் டென்னிஸ் பந்தைத் தூக்கிப் போடுகிறார். படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே குப்ரிக் அதை வெட்டச் சொல்லிவிட்டார். மிஞ்சியது 144 நிமிடம். வாசகன் பார்த்தது அது. பிறகு ஐரோப்பிய வெளியீட்டுக்காக அவரே இன்னும் 25 நிமிடம் குறைத்து, 119 நிமிடம் ஆக்கினார். அதில் போனவைதான் மருத்துவர், எலும்புக்கூடுகள், ஹாலோரனுக்கு வண்டி கொடுக்கும் டர்கின். காட்சி போனாலும் பெயர்ப் பட்டியலை யாரும் திருத்தவில்லை. டர்கினாக நடித்த டோனி பர்டனின் பெயரும் அதில் இருக்கும், பாருங்கள்.

தொழில்காரனாக எனக்குக் குறும்பதிப்பின்மேல் ஒரு மரியாதை உண்டு. இறுக்கமானது. ஆனால் அந்த மருத்துவர் காட்சியை எடுத்துவிட்டால் படத்தின் நோய்க்குறிப்பேட்டிலிருந்து முதல் பக்கத்தைக் கிழித்த மாதிரி ஆகிவிடுகிறது.

இன்னொன்று, யாரும் தொடாததால் சொல்கிறேன். இந்தப் படம் காதுக்கு எடுத்த படம். டேனி மூன்று சக்கர சைக்கிளில் தாழ்வாரங்களைச் சுற்றும்போது கேமரா அவன் முதுகுக்குப் பின்னால், தரையிலிருந்து சில அங்குல உயரத்தில் போகிறது. அதிராமல் நகர்ந்து படம்பிடிக்க உதவும் ஸ்டெடிகேமைக் கண்டுபிடித்த காரெட் பிரவுனே இயக்கினார், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி. மரத்தரையில் சக்கரங்கள் கடகடவென்று இரைகின்றன. கம்பளத்தில் ஏறியதும் ஓசை செத்துவிடுகிறது. மறுபடி மரம், மறுபடி கடகட. மூன்றாவது சுற்றில் நம் காது அடுத்த கம்பளத்துக்காகக் காத்திருக்கிறது. பயமுறுத்த ஒன்றுமே வேண்டாம், காத்திருக்கப் பழக்கிவிட்டால் போதும். குளிர்காலம் சொன்ன செருப்போசையைப் படித்தபோது இதைத்தான் நினைத்தேன்.

அதேபோல் இடையிடையே வரும் எழுத்து அட்டைகள். ஓட்டலுக்குப் போன பிறகு முதலில் 'ஒரு மாதம் கழித்து'. பிறகு 'செவ்வாய்', 'வியாழன்'. கடைசியில் 'காலை 8 மணி', 'மாலை 4 மணி'. எதற்குள் இத்தனை மணி என்று படம் சொல்வதே இல்லை. காலம் மட்டும் நெருக்கிக்கொண்டே வருகிறது.

#12 பழைய டிஸ்க்

வாசகன், மன்னிக்க வேண்டும். நான் தூங்கவில்லை என்பது மட்டும் நிரூபணமாகியிருக்கிறது.

#13 நள்ளிரவு வாசகன்

மன்னிப்பு என் பக்கமிருந்தும். தூக்கம் பற்றிய வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

#14 கணக்கன்

அமைதி திரும்பியதில் மகிழ்ச்சி. நான் ஒரு கணக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்.

வெண்டி மருத்துவரிடம் என்ன சொல்கிறாள்? தோள் நழுவியது, அதன் பிறகு குடியை விட்டார், ஐந்து மாதமாகிறது. அப்படியானால் தோள் நழுவி ஐந்து மாதம். ஜாக் மதுக்கூடத்தில் லாயிட்டிடம் என்ன சொல்கிறான்? குடிக்காமல் ஐந்து மாதமாயிற்று என்கிறான். அதே மூச்சில், பையனைக் காயப்படுத்தியது ஒரே ஒரு முறை, அதுவும் மூன்று வருடத்துக்கு முன்பு என்று கத்துகிறான்.

மூன்று வருடத்துக்கும் ஐந்து மாதத்துக்கும் இடையில் இரண்டரை வருடத்துக்குமேல் இடிக்கிறது. ஒன்று, அவன் பழைய கதையாக்கப் பார்க்கிறான். அல்லது தோள் நழுவிய பிறகும் குடித்துக்கொண்டுதான் இருந்தான், வெண்டி அந்நியரிடம் மறைக்கிறாள். அல்லது ஒரு முறை அல்ல. மூன்றில் எதை எடுத்தாலும் யாரோ ஒருவர் பொய் சொல்கிறார். படம் எதையும் அடிக்கோடிட்டுக் காட்டுவதில்லை. குறும்பதிப்பில் ஜாக்கின் வரிகள் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க வெண்டியின் வரி இல்லை. கணக்கைச் சரிபார்க்கும் ரசீது அந்தக் காட்சியில்தான் இருந்தது.

#15 நூலே போதும்

இதை நான் கவனித்ததே இல்லை. நாவலின் பக்கம் நின்றபடியே தொப்பியைக் கழற்றுகிறேன்.

ஆனால் வெண்டியைப் படம் அழுமூஞ்சியாக்கிவிட்டது என்ற குறை இன்னும் இருக்கிறது. நாவலின் வெண்டி திடமானவள்.

#16 குளிர்காலம்

அழுமூஞ்சியா? அந்தக் குளிர்காலம் முழுவதும் காவலாளி வேலையைச் செய்தவர் யார் என்று பாருங்கள். கொதிகலன் அறையில் கையில் அட்டையோடு அளவு பார்ப்பவள் வெண்டி. வானொலியில் வனத்துறையை அழைப்பவள் வெண்டி. காலை உணவைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பவளும் அவளே. ஜாக் சுவரில் பந்தடித்துக்கொண்டிருக்கிறான். பொறுப்பு, ஒப்பந்தம் என்று அவளிடம் முழங்குகிறவனும் அவன்தான். வேலை அவளுக்கு, சம்பளம் அவனுக்கு. பயத்தில் நடுங்கிக்கொண்டே மட்டையால் அடித்து, கால்களைப் பிடித்து இழுத்துப்போய்ப் பூட்டுகிறாள். நடுங்காமல் செய்திருந்தால் எல்லோரும் வீரி என்று கொண்டாடியிருப்பார்கள்.

ஷெல்லி டுவாலுக்கு அந்த வருடம் கிடைத்தது மோசமான நடிகைக்கான ராஸி பரிந்துரை. 2022இல் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2024இல் அவர் இறந்துபோனார். நாற்பது வருடத்துக்குமேல் ஆயிற்று, பயந்த பெண்ணின் முகம் அப்படித்தான் இருக்கும் என்று ஒப்புக்கொள்ள.

#17 வெட்டுமேசை

தட்டச்சுத் தாள்கள் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று காத்திருந்தேன். வெண்டி புரட்டும் அந்தக் கட்டு முழுவதும் ஒரே பழமொழி: வேலையே கதியென்று விளையாடாமல் கிடந்தால் ஜாக் மந்தமாகிவிடுவான் என்பது. மற்ற மொழிப் பதிப்புகளுக்காகக் குப்ரிக் சப்டைட்டில் போட்டுத் தப்பிக்கவில்லை. அந்தந்த மொழியில் வேறு பழமொழிகளைத் தாள் தாளாக அடிக்கவைத்துப் படம்பிடித்தார். இத்தாலிய மொழியில் 'காலையின் வாயில் தங்கம் இருக்கிறது' என்பது. ஜெர்மனில் 'இன்று முடிவதை நாளைக்குத் தள்ளாதே' என்பது.

தமிழில் அடித்திருந்தால் எதை அடித்திருப்பார்?

#18 தாழ்ப்பாள்

'ஒன்றே செய், நன்றே செய், அதுவும் இன்றே செய்.' ஐந்நூறு பக்கம். படிக்கும்போதே தலை சுற்றுகிறது.

#19 கணக்கன்

'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்.' விடாமுயற்சிக்கு விடாமுயற்சி. 'அடி' என்ற சொல்லை ஜாக் எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வான் என்பது வேறு விஷயம்.

#20 குளிர்காலம்

'அடியாத மாடு படியாது.'

சிவப்புக் கழிவறையில் கிரேடி எவ்வளவு பணிவாகச் சொல்கிறான், மகள்களைத் 'திருத்தினேன்', தடுக்க வந்த மனைவியையும் 'திருத்தினேன்' என்று. குரல் உயர்வதில்லை. பரிசாரகனின் மரியாதை மாறுவதில்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் எல்லோரும் அந்தக் குரலில்தான் சொன்னார்கள்.

#21 நள்ளிரவு வாசகன்

கொஞ்ச நேரம் எதையும் எழுதத் தோன்றவில்லை. மாட்டுப் பழமொழியை ஒரு தாளில் பத்து முறை எழுதிப் பார்த்தேன். ஐந்தாவது வரியிலேயே நிறுத்திவிட்டேன்.

சரி, இலகுவாக ஒன்று. அந்தச் சிறுமிகள் இரட்டையர் அல்லர் என்பது தெரியுமா? உல்மன் முதல் காட்சியில் எட்டு வயது, பத்து வயது என்றுதான் சொல்கிறார். நடித்தவர்கள் இரட்டையர், நாமும் அப்படியே பிடித்துக்கொண்டோம். நானும் முதல் பதிவில் 'இரட்டையர்' என்று எழுதிவிட்டுப் பிறகு அழித்தேன்.

#22 நூலே போதும்

அறை எண்ணும் அப்படித்தான். நாவலில் 217. வெளிப்புறக் காட்சிகளுக்குப் பயன்பட்ட ஓரிகான் மாநில விடுதியில் அந்த எண்ணில் அறை இருந்ததால், படம் பார்த்தவர்கள் அதில் தங்கப் பயப்படுவார்கள் என்று மாற்றக் கேட்டுக்கொண்டார்கள். அங்கே இல்லாத 237ஐப் போட்டார்கள். அதிலிருந்து எத்தனை எத்தனை மர்மக் கோட்பாடுகள்! 2012இல் அவற்றைப் பற்றியே ஓர் ஆவணப்படமும் வந்துவிட்டது. ஒரு விடுதியின் வாடகைக் கவலை, பாவம்.

#23 பழைய டிஸ்க்

ஒரு வாரம் கழித்து வருகிறேன். 144 நிமிடப் பதிப்பை வாங்கி நேற்றுப் பார்த்தேன்.

எலும்புக்கூடுகள் விஷயத்தில் தாழ்ப்பாள் சொன்னது சரி, இல்லாமலே இருந்திருக்கலாம். டர்கின் காட்சி வண்டிக் கணக்கைத் தீர்த்தது, அவ்வளவுதான்.

மருத்துவர் காட்சியை மூன்று முறை ஓட்டினேன். வாசகன் சாம்பலைப் பார்க்கச் சொன்னார், நான் ஆன் ஜாக்சனைப் பார்த்தேன். வெண்டி பேசப் பேச அவர் முகம் இறுகிக்கொண்டே போகிறது. 'ஒரு நன்மை விளைந்தது' என்ற இடத்தில் வெண்டி சிரிக்கிறாள், அவர் சிரிப்பதில்லை. பதிலும் சொல்வதில்லை. அடுத்து 'மூடும் நாள்' என்ற அட்டை, பிறகு மலைப்பாதையில் அந்த மஞ்சள் வண்டி. பனிக்கு முன்னால் விஷயம் முழுவதையும் கேட்ட ஒரே வெளியாள் அவர்தான், அதோடு படத்தை விட்டே போய்விடுகிறார்.

என் பழைய டிஸ்க்கில் அவர் பெயர் மட்டும் இருந்தது.